ஜாமீன் என்று பென்சிலில் எழுதியது

அண்ணி,

இன்று பகல் பதினோரு மணிக்கு நம் வீட்டுப் பத்திரம் திரும்பி வந்தது. உங்கள் தம்பி விடிந்ததும் செங்கல்பட்டுக்குப் போய், கடன் கொடுத்த ஆபீசில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வந்தார். முருகர் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். டீ கூடக் குடிக்கவில்லை. லோடு காத்துக்கிடக்கிறது என்று குட்டியானை வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கட்டைப் பிரித்தேன். பல வருஷம் இரும்பு அலமாரிக்குள் அடைந்து கிடந்த காகித வாசனை. பத்திரத்துக்கு அடியில் அன்று நாம் கையெழுத்துப் போட்ட கடன் தாள்களும் இருந்தன. பக்கத்துக்குப் பக்கம் கணக்கு முடிந்தது என்று ஊதா மையில் முத்திரை. நாலாவது பக்கத்தில் என் பென்சில் எழுத்து அப்படியே இருக்கிறது.

என் பழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எட்டாவதோடு நின்றவள் நான். மகளின் இங்கிலீஷ் பாடப்புத்தகங்களையும், திருப்போரூரில் சஷ்டி சமயத்தில் நடைபாதைக் கடையில் வாங்கிய ஒரு பழைய அகராதியையும் வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்து நானாகப் படித்தேன். எந்தக் காகிதம் வந்தாலும் புரியாத சொல்லுக்குக் கீழே பென்சிலால் பொடி எழுத்தில் தமிழ் அர்த்தம் எழுதிவிடுவேன். தெருவில் எத்தனையோ பேருடைய வங்கிக் கடிதத்தில் என் பென்சில் உண்டு. அதைப் பார்த்துத்தான் நீங்கள் எனக்குக் கணக்குப்புள்ள என்று பெயர் வைத்தீர்கள். பெயர் சொல்லி என்னைக் கூப்பிட்டதே இல்லை.

அந்த நாலாவது பக்கத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. பெயருக்கு எதிரில் கோ-பாரோவர் என்று அச்சடித்திருக்கிறது. அதற்குக் கீழே நான் 'ஜாமீன்' என்று எழுதியிருக்கிறேன். தாளை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் அந்த ஜாமீனுக்கு அடியில் இன்னொரு வரி தெரிகிறது. ரப்பரால் அழித்தாலும் பென்சில் அழுத்திய பள்ளம் போகவில்லை. 'கூடச் சேர்ந்து கடன் வாங்கியவர்.' அதை எழுதியதும் நான்தான், அழித்ததும் நான்தான். நீங்கள் இருந்தவரை இதை உங்களிடம் நான் சொல்லவில்லை.

தம்பி வீடு என்று நீங்கள் நம் வீட்டுக்கு வந்த நாளில் ஒரு சூட்கேசும் ஒரு குடையும் கொண்டுவந்தீர்கள். உங்கள் வீட்டுக்காரர் ஆந்திரா பக்கம் வேலைக்குப் போன இடத்தில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறார் என்று தெரிந்த மறுநாள் அது. தெருவே கூடி அழக் காத்திருந்தது. நீங்கள் உள்ளே வந்து, "சோறு கீதா? பசிக்குது," என்றீர்கள். ஒரு வாரம் கழித்து யாரோ தாலியைப் பற்றிக் கேட்டபோது நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"அந்தாளு உயிரோட கீறான். இத்த கயட்டினா எனக்குத்தான் பேஜாரு. இது கய்த்துல கெடந்தா பஸ்ஸுல எவனும் ஒரு கேள்வி கேக்க மாட்டான்."

அந்தத் தாலியோடுதான் கோவளத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரை விடுதியில் துணி துவைக்கும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தீர்கள். மாதம் பிறந்தால் வங்கியில் சம்பளம் விழும், கையில் சிலிப் கொடுப்பார்கள். நம் குடும்பத்தில் சம்பள சிலிப் என்று ஒன்றைக் கண்ணால் பார்த்தது உங்களால்தான். வீட்டுக்கு வந்ததும் என் பழைய புடவையைக்கூட விடுதி விரிப்பு மாதிரி முனைக்கு முனை மடிப்பீர்கள். மடித்துக்கொண்டே ஒரே பேச்சுதான். "எனக்குன்னு ஒரு ரூமு. ஒரு அடுப்பு. நான் பூட்டினா நான்தான் தொறக்கணும். அது போதும் எனக்கு."

அந்த ஆசை எனக்குத் தெரியாது என்று நான் யாரிடம் சொல்ல முடியும்?

அப்போது நாம் இருந்தது சிமென்ட் சீட்டுப் போட்ட வீடு. ஒரே அறை. ஐப்பசி மழையில் நாலு இடத்தில் ஒழுகும். மகள் ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள், அந்த வருஷம்தான் வயதுக்கு வந்தாள். குளிக்கிற மறைப்புக்குக் கதவு கிடையாது, கோணிதான். மழை நாளில் அவளை நடுவில் படுக்கவைத்து நீங்களும் நானும் இரண்டு பக்கமும் பாத்திரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அப்படி ஒரு மழை முடிந்த வாரம்தான் உங்கள் தம்பி கடனுக்கு எழுதிப் போட்டார். வீட்டுக்கு வந்த ஆபீசர் குட்டியானை வருமானத்தைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இதுக்கு அஸ்திவாரம்தான் சார் போடலாம். கூரை வராது. வீட்ல யாருக்காவது சம்பள சிலிப் இருக்கா?"

எல்லோரும் உங்களைப் பார்த்தோம். நீங்கள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தீர்கள். நிமிரவே இல்லை.

"ஜாமீன் கையெழுத்துதானே. போட்டுட்டா போச்சு."

ஆபீசர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தாள்களைக் கொடுத்து, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு வையுங்கள், நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார்.

நீங்கள் வேலைக்குப் போன பிறகு நான் அகராதியோடு உட்கார்ந்தேன். கேரண்டர் என்ற சொல்லைத் தேடினேன். கடன் வாங்கினவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று பொறுப்பேற்பவர். அதுதான் ஜாமீன், நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் தாளில் அந்தச் சொல் எங்கேயும் இல்லை. கோ-பாரோவர் என்றுதான் இருந்தது. அது அகராதியில் இல்லை. இரண்டாகப் பிரித்துப் பார்த்து, கூடச் சேர்ந்து கடன் வாங்கியவர் என்று எழுதினேன். எழுதியதும் மனதில் ஏதோ இடறியது. ஆபீசர் கொடுத்த நம்பருக்குப் போன் போட்டேன்.

"சார், கேரண்டரும் கோ-பாரோவரும் ஒண்ணுதானே?"

"இல்லம்மா. கேரண்டர்னா இவங்க தவறினாதான் அவங்ககிட்ட போவோம். அவங்க சம்பளம் எங்க கணக்குல வராது. கோ-பாரோவர்னா மொத நாள்லேர்ந்து கடன் அவங்களுதும்தான். அவங்க சம்பளத்தையும் சேர்த்துக் காட்டறதாலதான் உங்களுக்குக் கூரை வரைக்கும் தொகை வருது."

"அப்ப அவங்களுக்கு?"

"இது முடியற வரைக்கும் அவங்க பேர்ல வேற வீட்டுக் கடன் கிடைக்கறது கஷ்டம். அவங்க எதுவும் வாங்கப் போறாங்களா?"

எதிரில் கொடியில் மகளின் பள்ளிக்கூடப் பாவாடை ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. "இல்ல சார்," என்றேன்.

போனை வைத்துவிட்டு மகளின் பெட்டியிலிருந்து ரப்பரை எடுத்தேன்.

சாயங்காலம் நீங்கள் வந்து முகம் கழுவிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். நாலாவது பக்கத்தைத் திருப்பினேன். நீங்கள் என் பென்சிலைப் படித்தீர்கள்.

"ஜாமீன்னா ஜாமீன்னு போடாம இன்னாவோ நீட்டிகினு கீதே."

"இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை இருக்கு அண்ணி. ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணுக்கு எதுக்கு ரெண்டு வார்த்த? வெள்ளக்காரனுக்கு வேற வேலையே இல்ல போல."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். நீங்கள் ஏழு இடத்தில் கையெழுத்துப் போட்டீர்கள். உங்கள் கையெழுத்தில் கடைசி எழுத்து எப்போதும் வரிக்கு வெளியே ஓடும். மறுநாள் கிருத்திகை. தாள்களைத் திருப்போரூருக்குக் கொண்டுபோய் அர்ச்சனைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். குருக்கள் விபூதி தூவிக் கொடுத்தார். முருகன் பார்த்துவிட்டான், மறுக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுக்கவேண்டிய ஆள் முருகன் இல்லை, நீங்கள்தான் என்பதை நினைக்கவே கூடாது என்று வேகமாக மூன்று சுற்றுச் சுற்றினேன்.

வீடு எழும்பியது. கூரை வந்தது. குளியலறைக்குக் கதவு வந்தது. மகள் அந்தக் கதவை அன்று முழுக்கத் தாழ்ப்பாள் போட்டுத் திறந்து, தாழ்ப்பாள் போட்டுத் திறந்து விளையாடினாள். பின்பக்க அறையை உங்களுக்குக் கொடுத்தோம். கொடுத்தோம் என்றுதான் ஊரில் பேச்சு. குட்டியானை இஞ்சின் போன மாதங்களில் தவணையை உங்கள் சம்பளத்திலிருந்து கட்டினீர்கள். அந்தப் பணத்தை நான் நோட்டில் வரவுப் பக்கத்தில் எழுதினேன். கடன் பக்கத்தில் எழுதவில்லை. எண்ணெயையும் பருப்பையும் பைசா விடாமல் எழுதுகிறவள், அந்த ஒரு கணக்கில் பக்கம் மாற்றினேன்.

நெம்மேலி வீட்டுச் செய்தியோடு நீங்கள் வந்த நாளில் உங்கள் நடையே வேறாக இருந்தது. உங்களோடு துணி மடிக்கும் ஸ்டெல்லா குடும்பத்தோடு தாம்பரத்துக்குக் குடிபோகிறாள், அவள் வீட்டை விற்கிறாள். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் ஒரு புன்னை மரம். மொட்டை மாடியில் நின்றால் அலை கேட்கும். "எனக்குத்தான் மொதல்ல கேட்டா. மத்தவங்களுக்குன்னா கூட சொல்லுவாளாம். எனக்குன்னா கம்மி." கேளம்பாக்கத்தில் ஒரு ஆபீசில் கடன் தருகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டும் வந்துவிட்டீர்கள்.

"காயிதம் படிக்க நீ வா கணக்குப்புள்ள. எனக்கு உன்ன உட்டா யாரு?"

வரமாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. பஸ்ஸில் வழியெல்லாம் கந்தா கந்தா என்று உருப்போட்டுக்கொண்டே வந்தேன். கம்ப்யூட்டரில் எதுவும் தெரியாமல் போய்விடவேண்டும் என்றுதான் அந்த வேண்டுதல். எதை எதையெல்லாம் சாமியிடம் கேட்டிருக்கிறேன் பாருங்கள்.

அங்கே இருந்த பெண் நல்ல பெண். உங்கள் பான் அட்டையை வாங்கிக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னாள்.

"மேடம், உங்க சம்பளம் முழுக்க ஏற்கெனவே ஒரு வீட்டுக் கடன்ல போயிருக்கு."

"அது என் தம்பி வூடு. நான் ஜாமீன்தான்."

"ஜாமீன்னா நானே எங்க மேனேஜர்கிட்ட பேசுவேன் மேடம். இதுல நீங்க கோ-பாரோவர். உங்க கடனாவே காட்டுது."

நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். நான் சுவரில் ஒட்டியிருந்த வீட்டுப் படத்தைப் பார்த்தேன். அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். அந்தக் கடனில் கொஞ்சம் பெரிய தொகையாகக் கட்டி, மீதி தம்பியின் வருமானத்துக்குள் அடங்கிவிட்டால், உங்கள் பெயரை எடுத்துவிடும்படி கேட்கலாம் என்று. அவள் வாயிலிருந்து அந்தத் தொகை வந்த நொடியிலேயே எனக்குக் கணக்குப் போட்டாகிவிட்டது. பீரோவில் மகளுக்கென்று செய்து வைத்த ஆரமும் வளையலும் சேர்ந்தால் ஏறக்குறைய அதே தொகை. மகளுக்கு அப்போது வரன் பார்க்கத் தொடங்கியிருந்தோம்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நீங்கள் ஒரு பொட்டலம் மல்லாட்டை வாங்கி, கடலையில் பாதியை என் மடியில் கொட்டினீர்கள். கோமான் நகர் தாண்டிய பிறகுதான் கேட்டீர்கள்.

"ஜாமீன்னு எழுதினியே கணக்குப்புள்ள."

"ஆமா அண்ணி."

"அந்தப் பொண்ணு வேற இன்னாவோ சொல்லுதே."

"எனக்கும் இப்பதான் அண்ணி தெரியுது. இத்தனை நாளா ஒண்ணுதான்னு நெனச்சிட்டிருந்தேன்."

"உம்," என்றீர்கள். பிறகு, "துன்னு, நமத்துப்பூடும்," என்றீர்கள்.

நெம்மேலி வீட்டை வேறு யாரோ வாங்கினார்கள். நீங்கள் ஸ்டெல்லாவுக்குச் சாமான் கட்டிக் கொடுக்கப் போய்விட்டு வந்து, கால் கழுவிக்கொண்டு பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். வீடு கட்டிய நாளிலிருந்து அந்தக் கதவை நீங்கள் சாத்தியதில்லை. அன்றுதான் முதல் தடவை.

நான் அந்த வருஷம் பங்குனியில் பால்குடம் எடுத்தேன். பரிகாரம் செய்துவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தேன். வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து, பாதம் இரண்டும் கொப்பளித்து வந்து படுத்தேன். நீங்கள் தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொண்டு வந்து என் காலடியில் உட்கார்ந்தீர்கள். காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். விடவில்லை.

"இன்னா வேண்டிக்கின?"

"வீட்டுக் கடன் சீக்கிரம் அடையணும்னு."

"சாமி விசயத்துல கூட ஒயுங்கா சொல்ல மாட்ட நீ."

நீங்கள் ஒவ்வொரு கொப்புளத்தையும் சுற்றி விரலால் எண்ணெய் வைத்துக்கொண்டே, யாரோ வேறு ஒருத்தியின் கதையைச் சொல்கிற மாதிரி சொன்னீர்கள்.

"அன்னிக்கு பஸ்ஸுல நான் கேக்க சொல்ல நீ மல்லாட்டைத் தோல எண்ணிகினு இருந்த. ரெண்டு தபா எண்ணின. நீ உள்ளத சொன்னா எதையும் எண்ண மாட்ட. இத்தினி வருசம் உன்கூட கீறேன், இது கூட தெரியாதா எனக்கு?"

"அண்ணி..."

"மய பேஞ்சா உன் பொண்ண நடுவுல போட்டு ரெண்டு பக்கமும் குந்திகினு இருந்தோமே, அதுல ஒருத்தி நான்தானே. இப்டி இப்டி, இதுல போட்டா உனக்கு வேற வூடு கெடைக்காது அண்ணின்னு சொல்லியிருந்தா, நான் போட்டிருக்க மாட்டேனா? கேட்டிருந்தா போட்டிருப்பேன். நீ கேக்கவே இல்லையே."

எண்ணெய்க் கிண்ணத்தை மூடிவிட்டு எழுந்து போனீர்கள்.

அப்போதாவது நான் எழுந்து வந்திருக்கலாம். ஆமாம், தெரிந்துதான் எழுதினேன் என்று ஒரு வார்த்தை. பீரோவைத் திறந்து ஆரத்தை உங்கள் கையில் வைத்திருக்கலாம். கால் கொப்பளித்திருக்கிறது என்ற சாக்கு எனக்குப் போதுமாக இருந்தது. மறுநாள் நீங்கள் எப்போதும்போல, "கணக்குப்புள்ள, இன்னா நாஸ்தா?" என்று கேட்டுக்கொண்டு வந்தீர்கள். நானும் எப்போதும்போல உப்புமா என்றேன். அப்படியே ஒரே வீட்டில், ஒரே சமையலறையில், நீங்கள் தெரிந்துகொண்டும் நான் சொல்லாமலும் வருஷங்கள் போயின. நீங்கள் போக இடமில்லாமல் இருந்தீர்கள். நான் உங்கள் முகத்துக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட முடியாமல், எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடப் பழகினேன். பொறுமையான மருமகள் என்று தெருவில் பெயர் வந்தது.

மகளின் கல்யாணத்துக்கு அந்த ஆரத்தை அவள் கழுத்தில் போட்டுவிட்டது நீங்கள்தான். கொக்கி மாட்டமாட்டேன் என்றது. பல்லால் கடித்துச் சரிசெய்து மாட்டினீர்கள்.

போன வருஷம் வைகாசியில் வேலை முடிந்து கோவளம் பஸ் ஸ்டாப்பில் நின்ற நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். பூக்கார அம்மாதான் மடியில் சாய்த்துக்கொண்டாராம். நாங்கள் வருவதற்குள் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்து உங்கள் தம்பி கடன் ஆபீசுக்குச் சொல்லப் போனார், நானும் போனேன். அங்கே இருந்தவர் தாளைப் புரட்டினார். கடனோடு சேர்த்து ஒரு இன்ஷூரன்ஸ் போட்டிருந்தார்களாம். கடன் வாங்கியவர்களில் யார் இறந்தாலும் மீதியை அதுவே கட்டிவிடுமாம்.

"அக்கா ஜாமீன்தானே சார், அக்காவுக்கு எப்படி?" என்று உங்கள் தம்பி வெள்ளையாகக் கேட்டார்.

"ஜாமீனா இருந்தா ஒரு பைசா வராது சார். நல்லவேளை, அவங்க கோ-பாரோவரா இருந்தாங்க."

நல்லவேளை என்றார் அண்ணி. உங்கள் தம்பி அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டு அழுதார். உங்களை இந்த வீட்டில் அடைத்து வைத்தது எதுவோ அதுவேதான் உங்கள் உயிரை விலையாக வாங்கிக்கொண்டு எங்களுக்கு வீட்டை விடுவித்தது. அன்றிலிருந்து இந்தத் தரையில் கால் வைக்கும்போதெல்லாம் யார் மேலேயோ மிதித்து நடக்கிற மாதிரி இருக்கிறது. இதை விட்டுப் போகவும் எனக்கு வேறு இடம் இல்லை.

அலைந்து திரிந்து எல்லாத் தாளும் வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தலைதிவசமும் முடிந்தது. அதற்குள் தெருவில் ஒரு பேச்சு. அந்தப் பொம்பளை செத்தும் தம்பிக்கு வீட்டை மீட்டுக் கொடுத்துவிட்டது, அதுவும் தாலியோடு போன உயிர், சும்மா விடலாமா, பூவாடைக்காரியாக அழைத்து வீட்டில் வையுங்கள் என்று. உங்கள் தம்பிக்கு அது மனதில் ஊன்றிவிட்டது. கரகம் ஜோடித்து, பம்பை அடித்து, நீர்க்கரையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, குடத்தில் ஏற்றிக்கொண்டு வந்து, புதுச் சேலை வைத்துக் காலத்துக்கும் வீட்டுச் சாமியாகக் கும்பிடுவது. எங்கள் அம்மா வீட்டிலும் உண்டு, எனக்கும் நம்பிக்கை உண்டு. நம்பிக்கை இருப்பதால்தான் பயமாக இருக்கிறது. கூப்பிட்டால் நீங்கள் வந்துவிடுவீர்கள்.

இவ்வளவு எழுதி நிறுத்தியபோது வண்டிச் சத்தம் கேட்டது. சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். உங்கள் தம்பி கையில் துணிக்கடைப் பையோடு உள்ளே வந்தார்.

"இத்தப் பாரு. பச்சைல சேப்பு கரை. அக்காவுக்குப் புடிக்கும். பம்பைக்காரருக்கு அட்வான்ஸ் குட்த்துட்டேன். வர்ற ஆடி வெள்ளி, கோவளம் கடக்கரை. அக்கா கடைசியா இருந்த ஊரு அதானே."

"நான் என்ன பண்ணணும்?"

"வூட்டுப் பொம்பளதான் கொடத்தப் புடிக்கணுமாம். மூணு தபா கூப்படணுமாம். எங்க வூட்டுக்கு வா, எங்கள உட்டுப் போவாத, இங்கயே இருன்னு. அவ்ளோதான்."

நான் நாலாவது பக்கத்தை எடுத்துக்கொண்டு அவரை ஜன்னலுக்குக் கூப்பிட்டேன். சாய்த்துப் பிடித்துக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். முதலில் ஜாமீன். பிறகு அடியில் இருந்தது. ஆபீசருக்குப் போன் போட்டதையும் அவர் கேட்டதற்கு இல்லை என்று சொன்னதையும் சொன்னேன். கேளம்பாக்கத்தைச் சொன்னேன், ஆரத்தைச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நமக்கோசரம்தானே பண்ண."

"நமக்காகத்தான். அவங்க தலையில."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவங்க கண்டுபிடிச்சிட்டாங்க. நான்தான் கடைசி வரைக்கும் ஒத்துக்கல."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நெம்மேலி வீட்டைப் பற்றி ஒன்று கேட்டார், புன்னை மரம் இருந்ததா என்று. இருந்தது என்றேன். அக்கா அந்த மரத்தைப் பற்றித் தன்னிடமும் சொன்னதாகவும், அப்புறம் ஏன் பேச்சை விட்டுவிட்டாள் என்று தான் கேட்கவே இல்லை என்றும் சொன்னார்.

"என்னால அவங்களக் கூப்பிட முடியாது," என்றேன். "உயிரோட இருந்தப்ப போக விடல. இப்பவும் இங்கயே இருன்னு சொன்னா எப்படி?"

"ஊர்ல இன்னா சொல்லுவாங்க?"

"நான் சொல்லிக்கிறேன்."

"அப்ப வெள்ளிக்கெயம போவவே வேணாமா?"

"போகலாம். கொடம் வேணாம், பம்பை வேணாம். நீங்களும் நானும் மட்டும்."

"போய்?"

"அன்னைக்குக் கேக்காததக் கேட்டுட்டு வரேன். அவங்க எங்க வேணுமோ அங்க போகட்டும்."

இதை நான் சொன்னபோது என் கை சும்மாதான் இருந்தது அண்ணி, எதையும் எண்ணவில்லை.

அவர் சேலையைப் பைக்குள் திரும்ப வைத்தார். உங்களைப் போல மடிக்க வரவில்லை, சுருட்டித்தான் வைத்தார். பிறகு எழுந்து வாசல் வரை போனவர் திரும்பி, கோபமில்லாமல், உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

"பூவாட இல்லாத வூட்டுக்கு யாரு காவலு?"

"நான் கீறேன்," என்றேன். உங்கள் பேச்சு அப்படியே என் வாயில் வந்தது. "நான் எங்க போவப் போறேன்."